ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் கோல்ஃப் திடலைத் தயார் செய்வது: செட்டிநாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

கோல்ஃப் திடலைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் பனி உறையும் நாடுகளுக்கான குறிப்புகள். குழாயில் இருக்கும் தண்ணீரைக் கம்ப்ரசர் வைத்து ஊதி வெளியேற்று, கிரீனை (பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) போர்வை போட்டு மூடு, பனிப்பூஞ்சைக்கு மருந்து அடி என்று போகும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படாது. இங்கே மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் அருகம்புல் வகைகள் உறக்கத்துக்குப் போகும். நம் ஊரில் புல் தூங்குவதே இல்லை.

இங்கே புல்லைக் கெடுப்பவை நிற்கும் தண்ணீரும் குறையும் வெயிலும். மேகம் மூடிய நாட்கள், ஈரம் காயாத இலை, காற்றுப் புகாத மண் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆவணியில் பச்சைக் கம்பளமாக இருந்த கிரீன் கார்த்திகையில் கறுத்துப் பிசுபிசுத்துப் போகும். நான் ஒரு சிறிய பயிற்சித் திடலைப் பல மழைக்காலமாகப் பார்த்து வருகிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது. எதை எதற்கு முன் செய்வது என்பதில்தான் தவறுகிறார்கள். அதனால் இதை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கோல்ஃப் இல்லாமல் பங்களா முன்புறப் புல்தரையோ கிரிக்கெட் மைதானமோ வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். வெட்டும் உயரம் மட்டும் மாறும்.

1. முதலில் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான வழக்கமான நாள் அக்டோபர் 20. ஒரு வாரம் முன்னே பின்னே போகலாம். அந்த நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

தண்ணீர் இறங்கவும் காற்று புகவும் கிரீனில் துளை போட்டால் அது மூடிப் புல் பரவுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். அப்படியானால் துளை வேலை செப்டம்பர் 10-க்குள், அதாவது ஆவணிக் கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டும். கோரைக்கு மருந்து அடித்தால் அது வேலை செய்ய மூன்று வாரம் ஆகும். எனவே களை வேலை ஆவணிப் பிறப்பையொட்டி, ஆகஸ்ட் நடுவில் முடிய வேண்டும். வடிகால் தோண்டுவது அதற்கும் முன்னால், ஆடியில். யூரியாவின் கடைசி முழு அளவு செப்டம்பர் மூன்றாம் வாரம். வெட்டும் உயரத்தைக் கூட்டத் தொடங்குவதும் அப்போதுதான்.

என் முதல் ஆண்டில் இந்தக் கணக்கைப் போடாமல் ஐப்பசி பிறந்த பிறகு துளை போட்டேன். நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து கரைந்து வந்த செம்மண் ஒவ்வொரு துளைக்குள்ளும் இறங்கி அடைத்தது. மணலால் கட்டிய கிரீனுக்குள் ஆயிரக்கணக்கான களிமண் முளை அடித்தது போல ஆயிற்று. அதைச் சரிசெய்ய அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டி வந்தது.

2. முன்கூட்டியே வேண்டியவை

மண் பரிசோதனை முடிவு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவு இரண்டும் கையில் இருக்கட்டும். நம் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு அதிகம். ஆறு மாதக் கோடை அந்தத் தண்ணீரை ஊற்றிய மண்ணில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் உரம் போடுவது இருட்டில் நடப்பது போலத்தான். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் குறைந்த செலவில் பார்த்துத் தருவார்கள். மாதிரியை ஆனி மாதமே கொடுத்துவிட்டால் முடிவு நேரத்துக்கு வந்துவிடும்.

மணல் அடுத்தது. மழைக்கு முன் எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்பதால் விலையும் ஏறும், நல்ல மணலும் கிடைக்காது. ஆடியிலேயே வாங்கிச் சலித்து, தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். நனைந்த மணல் துளைக்குள் இறங்காது.

கருவிகளில் புல் வெட்டும் ரீல் மோவரின் பிளேடைச் சாணை பிடித்து வைப்பது முக்கியம். மழுங்கிய பிளேடு இலையை அறுக்காமல் கிழிக்கும். கிழிந்த நுனி ஒவ்வொன்றும் பூஞ்சைக்குத் திறந்த கதவு. வெயில் காலத்தில் அந்தக் காயம் அரை நாளில் காய்ந்துவிடும், மழைக்காலத்தில் காயாது.

இவற்றோடு நீளமான மூங்கில் கழி ஒன்று, 20 மீட்டர் தேங்காய்நார்க் கயிறு ஒன்று. எதற்கென்று மார்கழிப் பகுதியில் சொல்கிறேன்.

3. வடிகால்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்

செட்டிநாட்டு மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஒன்றிரண்டு அடி செம்மண், அதற்குக் கீழே சரளையும் செம்பூராங்கல்லும். மேல்மண் தண்ணீரை உறிஞ்சுவது போலத் தோன்றும். கீழே இருக்கும் கெட்டிப் படுகையில் மோதி அது அப்படியே பக்கவாட்டில் ஊர்ந்து, தாழ்ந்த இடத்தில் மேலே வந்து நிற்கும். அதனால் மேடாக இருக்கும் ஃபேர்வேயில்கூட (கிரீன் வரை நீளும் ஆடுதளப் புல்வெளி) ஒரு மூலை மட்டும் சதசதவென்று இருக்கும். காரணம் அந்த மூலையில் இல்லை, அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. ஈரம் தெரியும் இடத்தில் குழி வெட்டாதீர்கள். அதற்கு மேற்புறமாகச் சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, ஊர்ந்து வரும் தண்ணீரை அங்கேயே மறித்துத் திருப்புங்கள்.

ஆடியில் மாலை நேரத்து இடிமழை ஒன்றிரண்டு வரும். அதுதான் உங்கள் ஒத்திகை. மழை விட்டதும் குடையோடு திடலைச் சுற்றி வந்து, தண்ணீர் நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு குச்சி நடுங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் தண்ணீர் நிற்கும் குச்சிகளுக்கு மட்டும் வேலை செய்தால் போதும்.

வாய்க்காலுக்கு 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம் வையுங்கள். அதைவிடக் குறைந்தால் வண்டல் தங்கிவிடும், மிகவும் கூடினால் மண்ணை அரிக்கும். பழைய வடிகால் குழாய்களின் வெளி முனையைத் தேடிப் பிடித்துத் திறந்து விடுங்கள். பெரும்பாலும் குழாய்க்குள் அடைப்பு இருக்காது, வாயில்தான் கோரையும் மண்ணும் மூடியிருக்கும்.

கிரீனில் ஒரு சிறிய சோதனை: 15 செ.மீ. அகலப் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பத்து செ.மீ. ஆழத்துக்கு அடித்து இறக்குங்கள். ஒரு முறை தண்ணீர் ஊற்றி மண்ணை நனைய விட்டு, இரண்டாம் முறை ஊற்றியதும் நேரம் பாருங்கள். மணிக்கு 15 செ.மீ. இறங்கினால் நல்ல கிரீன். 5 செ.மீ.க்குக் கீழே போனால் அந்த கிரீனுக்குத்தான் துளை வேலையில் முதல் இடம்.

புதியவர்கள் பதறும் இடம் ஒன்று உண்டு. முறையாகக் கட்டிய கிரீனில் 30 செ.மீ. மணல் கலவைக்கு அடியில் 10 செ.மீ. சரளைக்கல் அடுக்கு இருக்கும். மணலின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மணல் முழுக்க நிறைந்து, கனம் தாளாமல்தான் அது சரளைக்குள் இறங்கும். அதனால் சிறு தூறலுக்குக் குழாயில் சொட்டுகூட வராது. "அண்ணே, தண்ணியே வரல, குழாய் அடைச்சிருச்சு, தோண்டிரலாமா?" என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு தம்பி வந்து நிற்பார். தோண்டக் கூடாது. பெரிய மழைக்கு அது தானாக ஓடும். தோண்டிக் கலைத்தால் அந்த அடுக்கு போனது போனதுதான்.

வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பாருங்கள். நம் ஊரில் ஊருணித் தண்ணீர் குடிக்க எடுக்கும் தண்ணீர். அதன் வரத்துக் காலில் உரமும் மருந்தும் கலந்த தண்ணீரை விடக் கூடாது. வேறு வழியே இல்லாத இடத்தில் வடிகால் முனைக்கும் வரத்துக்காலுக்கும் நடுவே நான்கைந்து மீட்டர் அகலத்துக்கு வெட்டிவேரை நெருக்கமாக நட்டு, அந்தப் பட்டையில் உரம், மருந்து எதையும் போடாமல் விடுங்கள். வண்டலை அது பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

4. நிழல்: ஆவணியில் பார்க்கும் நிழலை நம்பாதீர்கள்

ஆவணியில் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே இருக்கும். மரத்தின் நிழல் மரத்தடியிலேயே கிடக்கும். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 23, 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். நடுப்பகலில்கூட தெற்கே சாய்ந்து 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆவணியில் கிரீனைத் தொடாத வேப்பமர நிழல் மார்கழியில் காலை பத்து மணி வரை கிரீன் மேல் படுத்துக் கிடக்கும்.

அருகம்புல் வகைகளுக்கு நிழல் ஆகவே ஆகாது. அதிலும் பகல் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கி, மேகமும் மூடும் காலத்தில் கிடைக்கிற காலை வெயிலை இழக்க முடியாது. கிரீனின் நடுவில் நின்று, போனில் இருக்கும் திசைகாட்டியை வைத்துத் தென்கிழக்கைப் பாருங்கள். அங்கே தெரியும் கிளைகளைத்தான் கழிக்க வேண்டும். மரத்தை வெட்டுவது எப்போதும் கடைசி வழி. தாழ்ந்த கிளைகளை எடுத்து, உச்சியைச் சற்றுத் திறந்துவிட்டாலே காற்றும் வெளிச்சமும் வந்துவிடும்.

இதைத் துளை வேலைக்கு முன்பே முடியுங்கள். கிளைகளை இழுத்துப் போகும்போது துளை போட்ட கிரீனை மிதித்தால் செய்த வேலை வீண்.

5. கோரையும் மற்ற களைகளும்

கோரையைப் பிடுங்காதீர்கள். மேலே தெரியும் தாள் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். ஒரு கிழங்கோடு சங்கிலியாக இணைந்திருக்கும் மற்ற கிழங்குகளும் அதன்பின் முளைக்கத் தொடங்கும். ஒன்று போய் ஐந்து வரும்.

அருகம்புல்லைக் கெடுக்காமல் கோரையை மட்டும் தாக்கும் மருந்துகளில் ஹாலோசல்ஃப்யூரான் நன்றாக வேலை செய்கிறது. அளவை டப்பாவில் உள்ளபடியே எடுங்கள். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்ட வேண்டாம். மருந்தை வாங்கிக் கிழங்கு வரை இறக்குவதற்கு இலை வேண்டும். முதல் வாரம் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். பொறுக்காமல் இரண்டாம் முறை அடித்துவிடுபவர்கள் உண்டு. மூன்று வாரம் பொறுங்கள்.

அம்மான் பச்சரிசி, நெருஞ்சி போன்றவற்றைக் கையால் எடுத்துவிடலாம், விதை கட்டும் முன் எடுத்தால் போதும். துளை போடுவதற்கு முன் இது முடிந்தாக வேண்டும், திறந்த துளையில் களை விதை விழுந்தால் முதல் மழையிலேயே முளைத்து நிற்கும்.

6. துளையும் மணலும்

இதுதான் மொத்த வேலையின் நடுநாயகம். கோடை முழுவதும் மிதிபட்ட மண் இறுகியிருக்கும். மழை வந்ததும் இருக்கிற கொஞ்ச இடுக்கிலும் தண்ணீர் நிறைந்து வேர் மூச்சு முட்டும். துளை போட்டு மண்ணை வெளியே எடுத்து, அந்த இடத்தில் மணலை நிரப்பினால் தண்ணீர் இறங்கவும் காற்று புகவும் வழி கிடைக்கும்.

உள்கூடான முள் கொண்ட கருவியே வேண்டும். கூர்முனைக் கம்பியால் குத்தினால் துளை விழும்தான், ஆனால் மண் வெளியே வராமல் பக்கத்து மண்ணோடு நெருக்குண்டு துளையின் சுவர் இன்னும் இறுகிவிடும். 12 மி.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம், 5 செ.மீ. இடைவெளி என்பது கிரீனுக்குச் சரியான அளவு. முந்தைய நாள் மாலை லேசாக நீர் விட்டு வையுங்கள். மண் புட்டுப் பதத்தில் இருக்க வேண்டும். மிகவும் காய்ந்திருந்தால் முள் இறங்காது, நனைந்திருந்தால் துளை வாய் மூடிக்கொள்ளும்.

வெளியே வந்த மண் உருளைகளை அன்றே கூட்டி அள்ளிவிடுங்கள். ஓர் இரவு கிடந்தால் கரைந்து மறுபடி துளைக்குள்ளேயே போகும்.

அப்புறம் மணல். 100 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட் இடத்துக்கு, துளைகளை நிரப்பி மேலே 2 மி.மீ. பரப்புவதற்குச் சுமார் அரை கன மீட்டர் வேண்டும். நம் கணக்கில் 17, 18 கன அடி. மணல் பொலபொலவென்று கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும், துகள்களில் பெரும்பகுதி கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சரிபார்க்க எளிய வழி: கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர் போட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் மெல்லிய கோடாக மண் படிந்தால் பரவாயில்லை, விரல் தடிப்பில் படிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எம்-சாண்ட் கட்டடத்துக்கு நல்லது. அதன் கூர்முனைகளும் கல்தூளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு இறுகுவதற்காகவே இருப்பவை. கிரீனில் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

நர்சரிகளில் வழக்கமாகச் சொல்வது, "செம்மண்ணும் எருவும் கலந்து மேலே தூவுங்க, மழைக்குப் புல்லு ஜோரா வரும்." வீட்டுத் தோட்டத்துக்கு அது சரி. மணல் கிரீன் மேல் செம்மண் ஒரு படலமாகப் படிந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும். வேர் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே போகாது. மட்காத எருவோடு கோரையும் மற்ற விதைகளும் சேர்ந்தே வரும்.

கடற்கரை மணலை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். உப்புத் தண்ணீரோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கிறோம்.

மணலைப் பரப்பியதும் தேங்காய்நார் மிதியடி ஒன்றைக் கயிறு கட்டி வட்டமாக இழுங்கள். இலை நுனிகள் மணலுக்கு மேல் தெரிய வேண்டும். புல்லைப் புதைத்துவிட்டால் வெளிச்சம் கிடைக்காமல் வெளிறும்.

7. ஜிப்சம், பொட்டாஷ், யூரியா: இந்த வரிசையில்

மண்ணில் சோடியம் கூடுதல் என்று பரிசோதனை சொன்னால் ஜிப்சம் போடுங்கள், அளவையும் அந்த முடிவை வைத்தே எடுங்கள். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து சோடியத்தை மண்ணிலிருந்து தள்ளிவிடும். தள்ளப்பட்டதைக் கழுவிக் கீழே இறக்க நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். உப்பில்லாத அவ்வளவு தண்ணீர் ஆண்டில் ஒரே ஒருமுறை வானத்திலிருந்துதான் வருகிறது. அதனால் துளை வேலை முடிந்ததும், மழைக்கு முன்பு. கோடையில் போட்டால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே மறுபடி உப்பைச் சேர்க்கும்.

அடுத்தது பொட்டாஷ். செல்களைத் திடமாக்கி, நோயையும் மிதிபடுவதையும் தாங்க உதவும். 100 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ சல்பேட் ஆஃப் பொட்டாஷ், மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை. கடையில் மலிவாகக் கிடைப்பது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதில் குளோரைடு இருக்கிறது. உப்புத் தண்ணீர் பாயும் இடத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே நீர் விடுங்கள், ஈர இலையில் ஒட்டினால் கருகும்.

யூரியாவை வழக்கமாக 100 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போடுபவர்கள் செப்டம்பர் மூன்றாம் வாரத்தோடு அதை நிறுத்துங்கள். மழைக்கு முன் நன்றாக ஊட்டிவிட்டால் தெம்பாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் யூரியா தரும் வளர்ச்சி மென்மையான, தண்ணீர் கோத்த இலை. பூஞ்சைக்கு அதைவிடப் பிடித்தது இல்லை. மேலும் வளர்ந்ததை வெட்ட மழைநாளில் மோவரை இறக்க முடியாது. மீதி யூரியா மழையோடு கரைந்து யாருடைய கிணற்றுக்கோ போகும்.

நிறம் வெளிறினால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போதும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், 100 சதுர மீட்டருக்குத் தெளிக்கலாம். இலை வளராமலேயே பச்சை ஏறும். ஒரு எச்சரிக்கை: அன்னபேதித் தண்ணீர் பட்ட இடம் துருக்கறையாகும். பங்களா முற்றத்தை ஒட்டிய புல்தரையில் ஆத்தங்குடிக் கல்லின் மேலோ சுண்ணாம்புச் சுவரின் மேலோ பட்டால் கறை போகவே போகாது. சாக்கு விரித்து மூடிவிட்டுத் தெளியுங்கள்.

8. வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள்

டிஃப்டுவார்ஃப் போன்ற கலப்பின அருகு உள்ள கிரீனை 4 மி.மீ.யில் வெட்டிக்கொண்டிருந்தால், செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு அரை மி.மீ. வீதம் கூட்டி 5.5 வரை கொண்டுபோங்கள். ஃபேர்வே 15-லிருந்து 20 மி.மீ., சாதாரணப் புல்தரை 20-லிருந்து 30.

வெயில் குறையும்போது இலைப்பரப்பு கூடினால்தான் புல் தனக்கு வேண்டிய உணவைச் செய்துகொள்ளும். இலை கூடினால் வேரும் ஆழமாகும். இதற்கு நேர் எதிராக, "மழை வரப்போகுது, இப்ப ஒட்ட வெட்டிட்டா ஒரு மாசம் கவலையில்லை" என்று தரையோடு சிரைத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடங்களில்தான் கார்த்திகையில் கரும்பாசி முதலில் பிடிக்கிறது. பந்து சற்று மெதுவாக ஓடும், விளையாட வருபவர்கள் குறை சொல்வார்கள். தை வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

எந்த நாளிலும் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்க வேண்டாம்.

9. பம்பும் ஸ்பிரிங்க்ளரும்

இங்கே குழாயில் தண்ணீர் உறையாது, ஊதி வெளியேற்ற வேண்டியதில்லை. இடிதான் ஆபத்து. தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின் இணைப்பை மட்டும் நிறுத்தினால் போதாது, வால்வுகளுக்குப் போகும் கம்பிகளையும் கழற்றி வையுங்கள். மண்ணுக்குள் ஓடும் அந்த நீண்ட கம்பி வழியாகத்தான் மின்னலின் வீச்சு பெட்டிக்கு ஏறுகிறது. பம்பு ஸ்டார்ட்டரைத் தரையிலிருந்து இரண்டடியாவது உயர்த்திப் பொருத்துங்கள். வாரம் ஒருமுறை, மழை இல்லாத நாளில், ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மூன்று மாதம் சும்மா கிடந்த பம்பு தையில் இறுகி நிற்கும்.

10. மழை பெய்யும் நாட்களில்

நடக்கும்போது காலடியில் தண்ணீர் கசிந்தால் அன்று மோவர் இறங்கக் கூடாது. சக்கரத் தடம் ஒருமுறை பதிந்தால் தை வரை அழியாது. நீண்ட அடைமழைக்குப் பின் புல் உயர்ந்திருந்தால், உயரத்தை ஏற்றி வைத்து முதலில் நுனியை மட்டும் எடுத்து, இரண்டு நாள் கழித்து மறுவெட்டு வெட்டுங்கள்.

ஹோலின் (பந்து விழும் குழியின்) இடத்தை வழக்கத்தைவிட அடிக்கடி மாற்றுங்கள், ஈரத்தில் அதைச் சுற்றி மிதிபடுவது அதிகம். கிரீனின் மேட்டுப் பகுதியில், ஓரத்திலிருந்து நான்கு தப்படி உள்ளே தள்ளி வையுங்கள்.

பங்கர்களில் (திடலில் உள்ள மணற்குழிகளில்) மழை வழித்த மணலை அன்றே மேலே இழுத்து விடுங்கள். அடியில் செம்மண் தெரியும்படி விட்டால் அடுத்த மழையில் அது மணலோடு கலந்து பங்கரே சேறாகும்.

11. மார்கழிப் பனி

மழை விட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரம் இது. மார்கழியில் இரவு ஏழு மணிக்கே இலை நனைந்து காலை எட்டரை, ஒன்பது வரை ஈரமாக நிற்கும். பதின்மூன்று மணி நேர ஈரம் பூஞ்சைக்குத் தாராளம். இலை நுனியில் தெரியும் முத்துகள் வெறும் பனித்துளி மட்டும் இல்லை. புல்லே வெளிவிடும் இனிப்பும் சத்தும் கலந்த நீரும் அதில் உண்டு.

விடிந்ததும் மூங்கில் கழியை இரு கையால் பிடித்து, கிரீனின் மேல் இடமும் வலமுமாக வீசித் தட்டுங்கள். ஃபேர்வேயில் இருவர் ஆளுக்கு ஒரு முனையாகத் தேங்காய்நார்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். துளிகள் உதிர்ந்து, மீதி அரை மணியில் காயும். மருந்துச் செலவைப் பாதியாகக் குறைத்தது எங்களுக்கு இந்தக் கயிறுதான்.

வெட்டுவதாக இருந்தால் பனி காய்ந்த பிறகே. ஈர இலையில் ஓடும் மோவர் ஒரு மூலையில் இருக்கும் நோயைத் திடல் முழுக்கக் கொண்டு சேர்க்கும்.

டில்லியில் குளிர்காலத்துக்கு ரை புல் விதைக்கிறார்களே, நாமும் விதைக்கலாமா என்று கேட்கிறார்கள். அங்கே அருகு காய்ந்து பழுப்பாகிவிடும், அதனால் மேலே இன்னொரு புல் வேண்டும். இங்கே அருகு உயிரோடு இருக்கும்போது ரை விதைத்தால் இருக்கிற வெளிச்சத்துக்கு இரண்டும் போட்டிபோடும். பணமும் வீண்.

12. நோயும் பூச்சியும்: பார்த்ததும் அடையாளம் காண

காலையில் எண்ணெய் பட்டது போல இருண்ட திட்டுகள், அவற்றின் மேல் பஞ்சு போன்ற இழை, தண்ணீர் ஓடிய தடத்தில் நீளமாகப் பரவுவது: இது பித்தியம் என்ற அழுகல் நோய். ஒரே நாளில் பரவும், காத்திருக்கக் கூடாது. மெட்டலாக்சில் கலந்த மருந்தை டப்பா அளவுப்படி தெளித்து, அந்த இடத்துக்குள் யாரையும் நடக்க விடாதீர்கள். தண்ணீர் ஏன் அங்கே ஓடியது என்பதையும் தேடுங்கள்.

ரூபாய் நாணய அளவில் வைக்கோல் நிறப் புள்ளிகள் மார்கழியில் தெரிந்தால் அது பனியும் பட்டினியும் சேர்ந்த நோய். இங்கே மட்டும் விதிவிலக்காகக் கொஞ்சம் யூரியா, 100 சதுர மீட்டருக்கு 200 கிராம், நீரில் கரைத்துத் தெளித்தால் பெரும்பாலும் புல் தானே தேறும்.

கறுப்பாக வழுக்கும் படலம் பாசி. புல் மெலிந்து தரை தெரியும் இடத்தில்தான் வரும். காய்ந்ததும் சுரண்டி எடுத்து, ஆணிக் கட்டையால் குத்தி, மெல்ல மணல் தூவுங்கள்.

மைனாக்களும் கொக்குகளும் ஓரிடத்தில் கூடி மேய்ந்தால் படைப்புழு இருக்கலாம். புல்லுக்கு அடியில் மண் சுரங்கமாக மேலெழும்பியிருந்தால் பிள்ளைப்பூச்சி. சந்தேகம் தீர, நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் உள்ளே இருப்பவை மேலே வந்துவிடும். எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்து, அதுவும் மாலையில், ஏனென்றால் இவை இரவில்தான் மேய வருகின்றன.

13. தை பிறந்ததும்

உயரத்தை ஒரேயடியாக இறக்காதீர்கள். ஏற்றியது போலவே வாரத்துக்கு அரை மி.மீ. யூரியாவைப் பாதி அளவில் தொடங்கி, மூன்று வாரம் கழித்து முழு அளவுக்குப் போங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கம்பிகளை மாட்டி, ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளர் தலையாகத் திறந்து, உள்ளே புகுந்த மண்ணையும் எறும்புப் புற்றையும் கழுவிவிடுங்கள். பிறகு ஆடியில் நட்ட குச்சிகளைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடங்களில் எது இன்னும் மெலிந்து கிடக்கிறதோ, அதை ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆடியில் முதல் மம்பட்டி விழ வேண்டிய இடம் அது.